பதில்: வசனம் ஒப்பிக்கிறான், ஆனா தங்கச்சிகிட்ட சண்டை நிக்கல

சிஸ்டர், உங்க பையன் பைபிள் வசனமெல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறான் ஆனா தங்கச்சி பொம்மைய உடைச்சிட்டு ஒரு சாரி சொல்லிட்டு ஓடிடுறான்னு எழுதியிருந்தீங்க, எங்க வீட்லயும் இதே கூத்துதான்.

சண்டை நடக்கும்போது மட்டும் வசனம் எடுக்காதீங்க, அப்புறம் பைபிள்னாலே திட்டுன்னு ஆயிடும். ராத்திரி படுக்கும்போது பைபிள்ல லூக்கா 19-ல வர்ற சகேயு கதைய சொல்லுங்க, அவர் வரி வசூலிக்கிற பணக்காரர், இயேசுவ பாக்க மரத்துல ஏறினவர். மரத்துல ஏறினதோட நாம நிறுத்திடுறோம், ஆனா முக்கியமான இடம் அதுக்கப்புறம்தான், அவர் வெறும் சாரி சொல்லல, சொத்துல பாதிய ஏழைங்களுக்குக் கொடுக்கிறேன், யாரையாவது ஏமாத்தியிருந்தா 4 மடங்கா திருப்பித் தரேன்னு சொல்றார். சொல்லிட்டு, "நீ சகேயுவா இருந்தா பாப்பாவுக்கு என்ன திருப்பிக் கொடுப்ப?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, பதில நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க.

என் பொண்ணு தம்பி வரைஞ்ச படத்த கிழிச்சப்போ இதத்தான் கேட்டேன், ரெண்டு நாள் பேச்சே இல்ல, மூணாம் நாள் பாத்தா டேப் போட்டு கோணல்மாணலா ஒட்டி, கூடவே அவளோட க்ரேயான்ஸ் நாலு வச்சிருந்தா (அதுல ஒண்ணு உடைஞ்சது, அது வேற விஷயம்).

அப்புறம், நீங்க அவன்மேல அநியாயமா கத்திட்டா நீங்களும் போய் மன்னிப்பு கேளுங்க, அதையும் பாத்துக்கிட்டுதான் இருக்கான்.