ஆப்ஜெக்ட் காப்பி: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் பி = ஏ என்று லிஸ்ட்டைக் காப்பி எடுத்தேன். பி-யில் அப்பெண்ட் செய்தால் ஏ-யும் மாறுகிறதே சார்?

பதில்: அது காப்பியே இல்லை. ஈக்வல் குறி இருக்கிற லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். 'பி இஸ் ஏ' அடித்துப் பாருங்கள், ட்ரூ வரும். ஏ.காப்பி() போடுங்கள்.

கேள்வி: போட்டேன். உள்ளே இருக்கும் லிஸ்ட்கள் இன்னும் சேர்ந்தே மாறுகின்றன.

பதில்: அது ஷாலோ காப்பி. வெளி லிஸ்ட் மட்டும் புதிது, உள்ளே பழைய ரெஃபரன்ஸ்களே. காப்பி.டீப்காப்பி() அடிவரை இறங்கிப் புதிதாகக் கட்டும். ஆப்ஜெக்ட் தன்னையே சுட்டினாலும் முடிவில்லாமல் சுற்றாது. எடுத்ததையெல்லாம் மெமோ டிக்ஷனரியில் குறித்துக்கொண்டே போகும். ஆனால் உள்ளே த்ரெட் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) இருந்தால் டைப்எரர் வரும். எனவே அந்த ஆப்ஜெக்ட் எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஜாவாவில் க்ளோன்() எழுதலாமா?

பதில்: வேண்டாம். அர்ரேக்கு மட்டும் கூப்பிடலாம். க்ளோனபிள் இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட்கூட இல்லை. க்ளோன்() இருப்பது ஆப்ஜெக்ட் கிளாஸில், அதுவும் ப்ரொடெக்டட், வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. ஒருமுறை வைத்தபின் மாற்ற முடியாத ஃபைனல் ஃபீல்டில் லிஸ்ட் இருந்தால், க்ளோனுக்குப் பிறகு அங்கே புது லிஸ்ட் வைக்க வழியில்லை. காப்பி கன்ஸ்ட்ரக்டர், அதாவது அதே கிளாஸ் ஆப்ஜெக்ட்டை வாங்கிப் புதிது கட்டும் கன்ஸ்ட்ரக்டர், எழுதுங்கள்.

மறுப்பு: என்னிடம் இருப்பது ஷேப் லிஸ்ட். வட்டமா சதுரமா தெரியாமல் எந்தக் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவேன்?

பதில்: நியாயமான கேள்வி. ஷேப்பில் காப்பி() என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வையுங்கள். சர்க்கிள் அதில் 'நியூ சர்க்கிள்(திஸ்)' தரட்டும்.

மறுப்பு: சர்க்கிளுக்குச் சப்கிளாஸ் எழுதுபவர் ஓவர்ரைட் செய்ய மறந்தால் வெறும் சர்க்கிள்தானே வரும்? சூப்பர்.க்ளோன்() என்றால் சரியான டைப் வந்துவிடும்.

பதில்: உண்மை, அந்த ஓர் இடத்தில் க்ளோன் ஜெயிக்கிறது. இருந்தும் நான் சர்க்கிளைச் சப்கிளாஸ் எழுத முடியாத ஃபைனல் கிளாஸாக்கி, அந்த வழியை அடைத்துவிடுவேன். மறந்தால் கம்பைலரே நிறுத்த வேண்டும்.

கேள்வி: சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஆப்ஜெக்ட்டைக் காப்பி எடுத்தேன். அது அழியும்போது ஓடும் டெஸ்ட்ரக்டரில் க்ராஷ்.

பதில்: உள்ளே ரா பாயின்டர், அதாவது வெறும் மெமரி முகவரி, வைத்திருப்பீர்கள். தானாக வரும் காப்பி கன்ஸ்ட்ரக்டர் முகவரியை மட்டும் எடுக்கும். இரண்டு டெஸ்ட்ரக்டரும் ஒரே மெமரியை டெலீட் செய்யும். வெக்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் ஜேசான் டெக்ஸ்டாக்கித் திரும்ப பார்ஸ் செய்தால் போதாதா?

பதில்: டேட் ஸ்ட்ரிங்காகும், அன்டிஃபைன்ட் ஃபீல்ட் காணாமல் போகும். அதற்குப் பதில் ஸ்ட்ரக்சர்ட்க்ளோன்() போடுங்கள், நோட்.ஜேஎஸ் 17-லிருந்து இருக்கிறது. ஆனால் உள்ளே ஃபங்ஷன் இருந்தால் அது எரர் தரும்.

கேள்வி: டிக்ஷனரியில் பி = ஏ போட்டேன்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: என் சொந்த கிளாஸ் ஆப்ஜெக்ட்டுக்கு பி = ஏ?

பதில்: அதேதான். ஈக்வல் குறி காப்பி எடுக்காது.

கேள்வி: '[[0] * 3] * 3' போட்டு ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்று வரிசையும் மாறுகிறது. நான் ஈக்வல் போடவே இல்லை.

பதில்: பெருக்கல் குறியும் எடுக்காது. ஒரே வரிசையை மூன்று முறை காட்டுகிறது. வரிசைக்கு ஒரு புது லிஸ்ட்டாக ஃபார் லூப்பில் உருவாக்குங்கள்.