முகாமில் இருக்கும் இந்தியர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,
பெருமாள்புரம் இலங்கைத் தமிழர் முகாமைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். நாற்பது வருடமாகியும் அங்கே எல்லாரும் அகதிகள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த நிலை வருமா? ஐ.நா. ஏன் தட்டிக்கேட்கவில்லை?
— ஒரு வாசகர், கொட்டாரம்

அன்புள்ள நண்பருக்கு,

ஐ.நா.வை விடுங்கள். அதன் அகதிகள் ஆணையம் கேட்டுக்கொள்ளலாம், கட்டளையிட முடியாது. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்னும் அந்த உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு பெரிய காப்புதான். ஆனால் குடியுரிமை பற்றிய 34ஆம் பிரிவு, ‘இயன்றவரை எளிதாக்குக’ என்பதோடு நின்றுவிடுகிறது. கையெழுத்துப் போட்ட நாடும் இயலவில்லை என்று சொல்லிவிடலாம்.

எனக்குக் கோபம் உங்கள் இரண்டாவது வரி மேல்தான். அங்கே எல்லாரும் அகதிகள் என்று யார் சொன்னது? தினமும் அவர்களைப் பார்க்கும் நீங்களே அப்படி எழுதலாமா? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் அகதிகளாக இருந்தாலும்தான். யாருடைய இரக்கமும் வேண்டாம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இதை வைத்துத்தான். ஒரே வீட்டில் 1986இல் பிறந்த அக்கா இந்தியர், 1988இல் பிறந்த தம்பி வெளிநாட்டவர். கொடுமைதான். ஆனால் அக்காவுக்கு உள்ளதையாவது அவள் கையில் கொடுக்க வேண்டாமா?

உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பிறப்புச் சான்று தேடச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் ஊரில் அல்ல, பிறந்த ஊரின் பதிவேட்டில். இல்லையென்றால், ‘பதிவு இல்லை’ என்று அங்கேயே எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவில் தாமதப் பதிவுக்கு மனு. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டு, முகாம் குடும்ப அட்டை, எது கிடைத்தாலும் இணைக்கலாம். காரியம் கெடுவது பெரும்பாலும் பள்ளிச் சான்றில். சேர்க்கும்போது வயதைக் குறைத்துச் சொன்ன ஒரே வருடம், 1986ஐ 1987 ஆகஸ்டாக்கி ஆளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடும். பிறப்புச் சான்றை வைத்துப் பள்ளிச் சான்றைத் திருத்திவிட்டே பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும். தகப்பன் பெயரின் எழுத்தும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்த தலைமுறையையும் விட்டுவிடாதீர்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 1985இல் இங்கே பிறந்தவளுக்கு 2004 நவம்பரில் பிள்ளை பிறந்திருந்தால், அந்தப் பிள்ளையும் இந்தியர். டிசம்பர் 3 அல்லது அதற்குப் பின் பிறந்திருந்தால், தகப்பன் சட்டவிரோதக் குடியேறி அல்ல என்றும் காட்டியாக வேண்டும்.