விளம்பர வீடியோக்களில் கறுப்பு நிறப் பெண்களின் முகம் மட்டும் ஏன் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது?

மாடலிங் பக்கம் வர நினைப்பதால் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "உங்க கலர் காமிராவுல எடுபடாது" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பன்னிரண்டு வருடமாகக் கலர் கிரேடிங், அதாவது எடுத்து முடித்த வீடியோவின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் வேலை செய்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் அதில் உண்மை இருந்தது. லேப்களுக்கு கோடாக் அனுப்பிய 'ஷர்லி கார்டு' மாதிரிப் படங்களில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கு அந்தச் சாக்கு செல்லாது. படத்தில் இருக்கும் நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. எவருடைய தோலும் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் விழும். பெரிதாக மாறுவது வெளிச்ச அளவுதான்.

2017இல் பாடகி ரிஹானாவின் மேக்கப் கம்பெனி ஃபென்டி பியூட்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் ஷேடு கூட்டின, மாடல்களிலும் நிறம் கூடியது. லைட் மட்டும் பழையபடியே.

ஒரு லிப்ஸ்டிக் வீடியோ என்னிடம் வந்தது. நான்கு பெண்கள், அதில் ஒருத்தி நல்ல கறுப்பு. இருப்பதிலேயே வெளுத்த பெண்ணுக்கு லைட் வைத்து, நாலு பேரையும் அதிலேயே நிறுத்தியிருந்தார்கள். "அந்தப் பொண்ணை மட்டும் கொஞ்சம் தூக்குங்க" என்றார்கள், அதாவது வெளிச்சம் கூட்டச் சொன்னார்கள். முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் தனியாகப் பிரித்து (இதை மாஸ்க் என்போம்) தூக்கினேன். அடுத்த ஷாட்டில் அவள் விரல்களைக் கன்னத்தில் வைக்கிறாள். முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, விரல்கள் மட்டும் அவளுடைய நிறத்தில். அதைக் காட்டி, முகத்தைப் பழையபடி விடலாம் என்றேன். விரல்களையும் தூக்கச் சொன்னார்கள்.

தூக்கினேன். 'நீயும்தானே செய்தாய்' என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், செய்தேன். வாடகை கட்ட வேண்டியிருந்தது. அதற்காக அது சரி என்று சொல்லவில்லை.

எங்களை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். ஷூட்டில் செய்த தப்பெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும்.

அப்புறம் வந்த ஒரு வேலைக்கு, ஷூட் நாளிலேயே வருகிறேன் என்று அடம்பிடித்துப் போனேன். கறுத்த தோல் பளபளப்பில்தான் வடிவம் காட்டும். நேரே அடிக்கிற வெளிச்சத்தைக் கூட்டிப் பயனில்லை. பெரிய, மென்மையான லைட்டைப் பக்கவாட்டில் வைத்தால் அந்தப் பளபளப்பு கன்ன எலும்பில் ஒரு கோடு மாதிரி இறங்கும். இடம் மாற்ற இருபது நிமிடம் ஆனது. கிரேடிங்கில் அந்த வேலையில் இருந்த கறுத்த பெண்ணின் முகத்தை நான் தொடவே இல்லை.

நீங்கள் ஷூட்டுக்குப் போனால் மானிட்டரைக் காட்டச் சொல்லுங்கள். தனி ஷாட்டில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், மற்றவர்களோடு நிற்கும் ஷாட்டில் பாருங்கள். குறை தெரிந்தால் அங்கேயே, லைட்டை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.