விரலுக்கென்று ஒரு வைத்தியரா?

கேள்வி: மருத்துவபீடத்தில் இறுதியாண்டு படிக்கும் என் மகள், கை சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்கிறாள். இதயம், மூளை என்று போனால் பேரும் புகழும் வரும். விரலுக்கென்று ஒரு வைத்தியரா? நம் மலைநாட்டுக்கு இது எதற்கு? நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
- ஒரு தந்தை, தலவாக்கலை

பதில்: தலவாக்கலையில் இருந்துகொண்டு 'நம் மலைநாட்டுக்கு எதற்கு' என்று கேட்டிருக்கிறீர்களே ஐயா, அதுதான் என்னை உறுத்துகிறது.

பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கு முடிந்து தேயிலை மலைக்கு ஏறும் ஒரு பெண்ணின் கைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுகின்றன. இரு கைகளும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. பிடி நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் விழுகிறது. சாயம் ஏறிக் கறுத்த விரல் நுனிகளில் வெடிப்பு. அந்த விரல்களில் ஒன்று மடங்க மறுத்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போகிற ஆண்களுக்கு வேறு ஆபத்து. கத்தி தவறினால் கிளையைப் பிடித்திருக்கும் கையில்தான் இறங்கும்.

வெட்டுப்பட்டால் காப்பித்தூளை அப்பிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். தையல் போட்டார்கள், ஆறிவிட்டது என்கிறோம். தோல் ஆறியது உண்மை. விரல் மடங்குகிறதா?

விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. முன்கையிலிருந்து வரும் தசைநாண்கள்தான், சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள் ஓடுவது போல, ஒரு குறுகிய குழாய்க்குள் ஓடி விரலை இழுக்கின்றன. அறுந்த நாணைத் தைத்தாலும், ஆறும்போது அது சுற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நவீன கை சத்திரசிகிச்சையின் முன்னோடியான அமெரிக்கர் ஸ்டெர்லிங் பனெல், அந்த இடத்தை யாரும் கால் வைக்கக் கூடாத நிலம் என்றே எச்சரித்தார். 1960களில் ஹரல்ட் கிளைனர்ட் என்பவர் அங்கேயே உடனடியாகத் தைத்து, ரப்பர் பட்டி கட்டி, தைத்த சில நாட்களிலேயே விரலை அளவாக அசைக்கவைத்துக் காட்டினார். அசைக்காவிட்டால் ஒட்டும், பலமாக அசைத்தால் அறுந்துவிடும். ஆறு வாரம் வரை இந்த நிதானம் வேண்டும், பாரம் தூக்க மூன்று மாதமாவது ஆகும். தையல் ஒரு மணித்தியால வேலை என்றால், மிச்சமெல்லாம் நோயாளியோடு வைத்தியரும் பயிற்சியாளரும் சேர்ந்து உழைக்கும் வேலை.

இங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். இரண்டு தடவை போவார்கள், அப்புறம் கிளினிக் கொப்பி பெட்டிக்கு அடியில் கிடக்கும். விரல் விறைத்துவிட்டால், 'சொன்னபடி வரவில்லை' என்று நோயாளிக்கே ஏச்சு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. என்ன வேலை செய்கிறாய், எந்தக் கையால் செய்கிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள், அடுத்த முறை எப்படி வருவாய் என்று கத்தியை எடுக்கும் முன்பே கேட்பதும் சிகிச்சைதான்.

அப்படிக் கேட்ட ஒருவரின் கதையை உங்கள் மகள் படித்திருப்பாள். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்குப் பலமாக இருந்தது. கை சாகவில்லை, சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன என்று புரிந்துகொண்டு, நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு போனவர்கள் திரும்பி வந்து, 'இந்தக் கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை' என்றார்கள். பிராண்ட் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தொழில் பழக ஒரு நிலையம் அமைத்தார், தச்சுவேலை கற்பித்தார். விரல்கள் ஏன் தேய்கின்றன என்று ஒவ்வொரு காயமாகத் துருவினார். சூடான பாத்திரம், கருவியின் கைப்பிடி, இரவில் உணர்வற்ற விரலைக் கடிக்கும் எலி எல்லாம் தெரியவந்தன. வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினார். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் பூனை கொடுத்தார் என்பதைவிடப் பெரிய பட்டம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இரவில் கை விறைத்து எழுந்து உதறிக்கொள்ளும் பெண்கள் உங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலும் இருப்பார்கள். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும், சுண்டுவிரலுக்கு ஒன்றும் இராது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம் இது. ஆரம்பத்தில் பார்த்தால் இரவில் மட்டை கட்டியே குறைக்கலாம், முற்றினால் சிறிய சத்திரசிகிச்சை. தைலம் தடவி வருடக்கணக்கில் விட்டுவிட்டால், பெருவிரலடிச் சதை வற்றி, பிறகு சரிவர மீளாது.

சரி, உங்கள் மகளின் பாதை நீளமானதுதான். உள்ளகப் பயிற்சி, கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள், எலும்பு முறிவு அல்லது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைத் துறையில் பயிற்சி, அதற்குமேல் கைக்கென்று தனிப் பயிற்சி. இத்தனை வருடமும் சொந்தக்காரர்கள் 'விரல் டாக்டர்' என்று சிரிப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.