உறங்கி எழுந்தால் போதை தெளிந்துவிடுமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: உறவினர் திருமண விருந்தில் பின்னிரவு 2 மணி வரை குடித்தேன். உறங்கி எழுந்து, காலை 7 மணிக்குப் பிள்ளைகளைக் காரில் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். இதுவும் குற்றமா? (ஈசூன் வாசகர்)

பதில்: குற்றமாகக்கூடும். எப்போது குடித்தீர்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஓட்டும் நேரத்தில் உடலில் எவ்வளவு மது இருக்கிறது என்பதையே பார்க்கிறது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம், அல்லது அதே அளவு இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது சிங்கப்பூரின் வரம்பு. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். பலருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள மது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் குறைகிறது. 2 மணிக்கு 180 இருந்திருந்தால், 7 மணிக்கும் 105 இருக்கும். கடுங்கோப்பி தூக்கத்தைக் கலைக்குமே தவிர, இந்தக் கணக்கை மாற்றாது. “தெளிவாகத்தான் இருந்தேன்” என்று என்னிடம் வந்த பலர் மனமறிந்து பொய் சொல்லாமலே கூறியிருக்கிறார்கள். தம் நிதானத்தைத் தாமே எடைபோடும் திறனையும் மது குறைத்துவிடுகிறது. பின்னிருக்கையில் உங்கள் பிள்ளைகள் இருந்ததால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கேள்வி: எத்தனை பியர் வரை பாதுகாப்பு? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: எண்ணிக்கை எதுவும் தரமாட்டேன். உடல் எடை, உண்ட உணவு, குடித்த வேகம் என எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். மேலும், வரம்புக்குள் இருந்தாலும், மதுவின் தாக்கத்தால் வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ்க் குற்றமே.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே படுத்து உறங்கலாமா?

பதில்: ஓட்டாவிட்டாலும், போதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது 68ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பவருக்கு அது எளிதன்று. வாடகைக் காரில் வீடு திரும்புங்கள்.

கேள்வி: விநியோக வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். முதல் முறை பிடிபட்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா? மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தால் தப்பலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். தக்க காரணமின்றி மூச்சு அல்லது இரத்த மாதிரி தர மறுப்பவருக்கும் குடித்துவிட்டு ஓட்டியவருக்கு உரிய தண்டனையே விதிக்கப்படலாம். 2019 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றத்தைச் செய்பவருக்கு 5,000 முதல் 20,000 வெள்ளி வரையிலான அபராதத்துடன் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் உங்களைப் போன்றவர்களின் குடும்பத்தை நிலைகுலையச் செய்வது ஓட்டுநர் தடைதான். முதல் முறைக்கே பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டுகள்; மறுமுறை 5 ஆண்டுகள். ஓராண்டோ அதற்கு மேலோ தடை பெற்றவரின் உரிமம் செல்லாததாகிவிடும். தடைக்காலம் முடிந்தபின் தேர்வுகளைப் புதிதாக எழுதித் தேற வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே வேன் சாவியை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டே, “முதலாளியிடம் என்ன சொல்வேன்?” என்று கேட்ட ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. அவர் அதுவரை அபராதத்துக்கு மட்டுமே பணம் புரட்டியிருந்தார்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்குமா?

பதில்: உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். காயமடைந்த பிறருக்கான இழப்பீட்டைக் கட்டாயக் காப்புறுதிச் சட்டம் பாதுகாக்கிறது என்றாலும், கொடுத்த தொகையை உங்கள் கணவரிடமிருந்து திரும்பப் பெற நிறுவனம் முயலலாம். காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியை இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.