"மனசு இன்னும் தயாராகலை, டாக்டர்": வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 34, மனைவிக்கு 32. திருமணமாகி நான்கு வருடம். இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று குழந்தையைத் தள்ளிப்போட்டு வருவது நான்தான். பதவி உயர்வு வரட்டும் என்றேன், வந்துவிட்டது. அப்புறம் வீட்டுக் கடன் கொஞ்சம் குறையட்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், அப்பா ஆக வேண்டும் என்ற ஆசை எனக்குள் இன்னும் வரவில்லை. அது வரும்வரை காத்திருப்பது தவறா? ஆண்களுக்கு வயது ஒரு பிரச்சினை இல்லைதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: காத்திருப்பது தவறில்லை, தம்பி. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் சிக்கல்.

என்னிடம் வரும் ஆண்களிடம், "குழந்தை வேண்டும் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பதில் இருக்காது. "அவள் கேட்டாள், சரி என்றேன்" என்பார்கள். நண்பனின் குழந்தையைத் தூக்கியபோது மனசு மாறியது என்பார் ஒருவர். தன் அப்பா நோயில் விழுந்தபோது மாறியது என்பார் இன்னொருவர். எல்லாம் கூடிவந்த பிறகு உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பதவி உயர்வு வந்ததும் அந்த இடத்துக்குக் கடன் வந்துவிட்டது. கடன் குறைந்தால் வேறொன்று வரும். பணக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை நிறைவேறியதும் உடனே அடுத்தது முளைத்தால், தடுப்பது நிபந்தனை அல்ல, பயம். சிலருக்கு அது சுதந்திரம் போய்விடுமோ என்ற பயம், சிலருக்கு மனைவி தன்னைவிட்டு விலகிவிடுவாளோ என்ற பயம். நான் அதிகம் பார்ப்பதும், ஆண்கள் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லாததும் வேறு ஒன்று: 'என் அப்பா என்னிடம் இருந்தது மாதிரியே நானும் இருந்துவிடுவேனோ?' உங்களுக்கும் அது இருந்தால் முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அப்பாவைப் போல் ஆகிவிடக் கூடாது என்ற கவலையோடு வருபவர்கள்தான் பெரும்பாலும் அதிக அக்கறையுள்ள அப்பாக்களாக ஆகிறார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

ஆசை விஷயத்துக்கு வருகிறேன். அது முன்கூட்டியே வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பிலிப்பைன்ஸில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. அந்த இடைவெளியில் அப்பா ஆனவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும், தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. இது நோயல்ல. குழந்தை கைக்கு வந்து, அதைக் குளிப்பாட்டி, தூங்கவைத்துப் பழகும்போது ஆணின் உடலும் அதற்கேற்ப மாறுகிறது. கர்ப்ப காலம் முழுக்க ஒரு பெண்ணுக்கு உடலே செய்தி சொல்லிக்கொண்டிருக்கும், ஆணுக்கு அது கிடையாது. அதனால் பல ஆண்களுக்கு அப்பா என்ற உணர்வு குழந்தையோடு புழங்கிய பிறகுதான் வருகிறது. நண்பர்களுக்கு முன்பே வந்திருக்கலாம், சந்தோஷம். உங்களுக்கு வரவில்லை என்பது குறை அல்ல.

வயது? ஆணுக்கும் உண்டு. விந்தணு கடைசிவரை உற்பத்தியாகும் என்பது சரிதான், ஆனால் அதன் தரம் அப்படியே இருக்காது. அப்பாவின் வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும், குழந்தைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்கள் சராசரியாக இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு 2012-இல் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, அதனால் பயப்பட வேண்டாம். 40-ஐத் தாண்டினால் கரு தங்க அதிக காலம் ஆகலாம். 34-இல் உங்களுக்கு அவசரம் இல்லை.

ஆனால் உங்கள் மனைவிக்கு இந்தக் கணக்கு வேறு. பெண்ணின் கருமுட்டைகள் பிறக்கும்போதே இருப்பவை, புதிதாகச் சேர்வதில்லை. 35-க்கு மேல் வாய்ப்பு வேகமாகக் குறையும். நினைத்த மாதமே கரு தங்குவதும் இல்லை. இளமையும் ஆரோக்கியமும் உள்ள தம்பதிக்கே ஒரு மாதத்தில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான வாய்ப்புதான். ஒரு வருடத்துக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கருத்தரித்துவிடுகிறார்கள். அதனால் குழந்தை எப்போது பிறக்க வேண்டும் என்று தேதி வைக்க முடியாது. எப்போது முயற்சியைத் தொடங்குவது என்றுதான் வைக்கலாம். இரண்டு குழந்தைகள் வேண்டும் என்றால் இன்னும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 'அடுத்த வருஷம்' என்ற பதில் மட்டும் வேண்டாம். ஒரு மாதத்தைச் சொல்லுங்கள், அல்லது பயத்தைச் சொல்லுங்கள். ஒருவேளை உள்ளுக்குள் இருப்பது 'எனக்குக் குழந்தையே வேண்டாம்' என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அது குற்றமில்லை. 32 வயதுப் பெண்ணிடம் அதை மறைத்து வருடங்களைக் கடத்துவதுதான் பெரிய அநியாயம்.

கேள்வி: குழந்தை பற்றிப் பேச்செடுத்தாலே என் கணவர், "உன் இஷ்டம்தான்மா, எப்போ வேணும்னு நீயே சொல்லு" என்கிறார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது, அம்மா. சுமக்கப்போகும் உடல் உங்களுடையது, அதில் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருப்பது நியாயம். ஆனால் அப்பா ஆவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை உங்களிடம் ஒப்படைக்க முடியாது. ஒப்படைத்தவர்கள், தூக்கமில்லாத ஓர் இரவில் 'நீதானே கேட்டாய்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் ஆறாது.

"நீங்கள் எப்போது தயார்?" என்று கேட்டால் மறுபடி அதே பதில்தான் வரும். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். பிறந்ததும் நீங்கள் எத்தனை நாள் லீவு எடுப்பீர்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வேலைக்குப் போகாமல் இருப்பது? என் வருமானம் சில மாதம் நின்றால் எப்படிச் சமாளிப்போம்? இவற்றுக்கு 'உன் இஷ்டம்' என்று பதில் சொல்ல முடியாது. அவர் யோசித்து, தயங்கி, ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் முடிவில் பங்கெடுக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

கேள்வி: வயது 29. ஜிம்மில் சொன்னார்கள் என்று சில மாதங்களாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஆறு மாதம் கழித்துக் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர்

பதில்: கட்டாயம். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம் வரைகூடப் போகலாம். ஊசியை நிறுத்திய பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதனால் ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம் என்று இருக்காதீர்கள், இப்போதே மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிக்கச் சுமார் இரண்டரை மாதம் ஆகும், ஆகவே புகை பிடித்தால் அதை விடுவதற்கும் இதுதான் நேரம். மருத்துவர் விந்துப் பரிசோதனை செய்யச் சொன்னால், அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முடிவு குறைவாக வந்தால் மனம் உடைய வேண்டாம், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.