அபாயக் கழிவு நிலையம் வருகிறதா? வேலூர், ராணிப்பேட்டை வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, அபாயக் கழிவைச் சுத்திகரித்துப் புதைக்கும் நிலையம் வரப்போவதாகப் பேச்சு. ஏரியிலிருந்து 200 மீட்டர் இருந்தால் சட்டப்படி சரி என்கிறார்கள். அது போதுமா ஐயா? (விவசாயி, வாலாஜா வட்டம்)

பதில்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலில் ஏரி, குளத்துக்கு 200 மீட்டர், ஆற்றுக்கு 100 மீட்டர் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது குறைந்தபட்ச அளவு. அதைத் தாண்டியதாலேயே ஒரு இடம் நல்ல இடமாகிவிடாது.

நம் பக்கம் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. அதனால்தான் உங்கள் போர் வறண்டு கிடக்கும்போது, வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளியின் போரில் தண்ணீர் வருகிறது. மாசும் அதே வெடிப்பில்தான் போகும். எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்பதை மீட்டர் கணக்கு சொல்லாது. அந்த இடத்தில் துளையிட்டு, பாறை வெடிப்புகளைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பாலாற்றை ஒட்டிய மணல் நிலமானால் கவலை இன்னும் அதிகம். ஆறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குள் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். 2021 நவம்பரில் வெள்ளம் எதுவரை ஏறியது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஏரி. நம் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்குப் போகும். அங்கே விழும் மழைநீர் எந்த வரத்துக் கால்வாயில் இறங்கி எந்தெந்த ஏரிக்குப் போகிறது என்று கேளுங்கள். அதிகாரிகளுக்கு முன்னால் ஊரில் மடை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை நான் படித்த ஆய்வறிக்கையில் நிலத்தடி நீர்மட்டத்தை மே மாதத்தில் மட்டும் அளந்திருந்தார்கள். நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் அங்கே புதைகுழி கூடாது. மே மாதத்தில் நம் ஊரில் எந்தக் கிணறு அவ்வளவு மேலே நிற்கும்? டிசம்பர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுவதால் கசியவே கசியாதாமே? (கல்லூரி மாணவி, காட்பாடி)

பதில்: 'கசியவே கசியாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். களிமண் அடுக்கு, அதன்மேல் குறைந்தது 1.5 மி.மீ. தடிமனுள்ள விரிப்பு, இவற்றை இரண்டு முறை அடுக்குவார்கள். மேலடுக்கு கசிந்தால் காட்டிக்கொடுக்க நடுவில் ஒரு வடிகால் இருக்கும். விரிப்பின் இணைப்புகளை யார் சோதிக்கிறார்கள், அந்த வடிகாலின் அளவுகளை ஊராட்சிக்குக் கொடுப்பார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

கேள்வி: இப்படி ஒரு நிலையமே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? (ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை 1996-லேயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்து, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. ஆனால் கழிவு ஏற்கெனவே நம்மிடம்தான் கிடக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நிலையம் இல்லாவிட்டால் கசடு காணாமல் போகாது, இப்படித்தான் எங்காவது தேங்கும். ஆகவே என் கருத்து: நிலையம் தேவை, ஆனால் இடம் சரியில்லை என்றால் அந்த இடத்தை உறுதியாக மறுக்க வேண்டும்.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் படிக்காதவர்கள் பேசலாமா? (சுய உதவிக் குழு உறுப்பினர், ஆற்காடு)

பதில்: தாராளமாகப் பேசலாம் அம்மா. கலெக்டர் அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி தலைமை வகிப்பார். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் வீடியோவில் பதிவாகும். முடிவில் நீங்கள் சொன்னதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். அதுவரை கலைந்து போகாதீர்கள், விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்திலும் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையத்துக்குக் கசடு அனுப்ப லாரி வாடகையே கட்டுப்படியாகவில்லை. எரித்துவிட்டால் அளவு குறையுமே? (டேனரி நடத்துபவர், பேரணாம்பட்டு)

பதில்: அளவு குறையும், நஞ்சு கூடும். உங்கள் கசடில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு கொடியதல்ல. காற்றோட்டத்தில் சூடாக்கினால் அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். அது புற்றுநோயை உண்டாக்குவது, தண்ணீரில் எளிதில் கரைவதும்கூட. தயவுசெய்து சூளைக்கும் கொடுக்காதீர்கள், திறந்த வெளியிலும் எரிக்காதீர்கள். 90 நாளுக்கு மேல் இருப்பும் வைக்கக் கூடாது. பக்கத்திலேயே நிலையம் வந்தால் வாடகை குறையும், உண்மைதான். ஆனால் தோல் கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் மிஞ்சும் உப்பு வேறு பிரச்சினை. தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும், சிமென்டில் கலந்து கட்டிப்படுத்துவதும் கடினம். அதற்குத் தனிக் கூரையும் தனிக் குழியும் திட்டத்தில் உண்டா என்று நீங்களும் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள்.

கேள்வி: பழைய குரோமேட் ஆலையின் கழிவுமலையைப் புதிய நிலையத்துக்குக் கொண்டுபோக முடியுமா? (ஆசிரியர், சிப்காட் பகுதி)

பதில்: தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட அந்த ஆலை விட்டுச்சென்றது லட்சக்கணக்கான டன். இரும்பு சல்பேட் கலந்து ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக்கி, சிமென்டில் கட்டிப்படுத்தி, கரைசல் சோதனையில் (அதிலிருந்து எவ்வளவு குரோமியம் தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது என்று பார்ப்பது) அனுமதித்த அளவுக்குக் கீழே வந்தால் புதைக்கலாம். வழி இருக்கிறது. தோண்டும்போது தூசி பறக்காமலும், லாரியில் சிந்தாமலும் செய்ய வேண்டும். மலையை அகற்றிய பிறகும் அடியிலுள்ள மண்ணும் கிணற்று நீரும் பாக்கி இருக்கும், அதைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். நிலையத்தின் கொள்ளளவுக் கணக்கில் இந்த மலை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்க்காமல் கொட்டினால் குழி சீக்கிரமே நிரம்பி, அடுத்த குழிக்கு இன்னொரு ஊரைத் தேடுவார்கள். மூடிய பிறகு 30 ஆண்டு பராமரிக்கும் பணம் இப்போதே தனிக் கணக்கில் கட்டப்படுகிறதா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.